டெல்டாவில் கார் ஓட்டக் கற்பது: டிரைவிங் ஸ்கூலா, வீட்டு ஆளா, ஆக்டிங் டிரைவரா?

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கணக்கில் ஏறும் தை, மாசியில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒன்றிரண்டு வீட்டு வாசலிலாவது புது கார் வந்து நிற்கும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் இதற்கு மாதக் கணக்கே கிடையாது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர் பணம் அனுப்புவார், வண்டி வீட்டுக்கு வந்துவிடும், ஓட்டத்தான் ஆள் இருக்காது. மாமனாரைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும், பிள்ளையை மன்னார்குடியில் டியூஷனுக்கு விடவும் ஒவ்வொரு தடவையும் கூலிக்கு வந்து ஓட்டித் தரும் ஆக்டிங் டிரைவருக்குப் போன் போட்டு அலுத்துப்போன மருமகள் ஒருநாள் "நானே கத்துக்கறேன்" என்று கிளம்புவார். 18 முடிந்த பையனும், பணி ஓய்வு பெற்ற அப்பாவும் அப்படித்தான் கிளம்புகிறார்கள். உடனே வீட்டில் எழும் கேள்வி, யாரிடம் கற்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் 10 மணி நேர ஓட்டம் இரட்டைப் பெடல், அதாவது கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் பக்கமும் பிரேக்கும் கிளட்சும், வைத்த ஸ்கூல் வண்டியில்தான் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு பழகுவதற்கு வீட்டு வண்டியும், பொறுமையான ஒரு ஆளும் போதும். சென்னையில் இருப்பவருக்கு இந்த வரிசையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். நம் பகுதியில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். பல ஊர்ச் சாலைகள் ஆற்றங்கரை மேலேயே போகின்றன. தடுப்புச் சுவர் என்று பார்த்தால் பாலமும் மதகும் இருக்கிற இடத்தில் மட்டும்தான். புதிதாக ஓட்டுகிறவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பது எல்லா ஊரிலும் நடக்கும். நகரத்தில் அது ஒரு பம்பர் நசுங்குவதோடு போகலாம், வெண்ணாற்றங்கரையில் வண்டி தண்ணீருக்குள் போய்விடும். அந்த இரண்டு வினாடியில் பக்கத்தில் இருப்பவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் நான் மூன்று வழியையும் எடை போடுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது

சொந்த உபயோகக் காருக்கு ஸ்கூலில்தான் கற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆனபின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டப் போகலாம். ஆனால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆவது விதியைப் பலரும் கண்டுகொள்வதில்லை. பழகுகிறவர் பக்கத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லும் சித்தப்பா இந்தக் கணக்கில் வரமாட்டார். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறையக் கூடாது. கார் இன்சூரன்ஸ் பாலிசியில் யார் ஓட்டலாம் என்று சொல்லும் பகுதியும் இதே 3ஆவது விதியைத்தான் சுட்டுகிறது. எல்.எல்.ஆரை மட்டும் பையில் வைத்துக்கொண்டு தனியே ஓட்டி யார் மேலாவது இடித்துவிட்டால், நஷ்டஈட்டுச் சுமை வண்டிக்காரர் தலையிலேயே வந்து விழ வழி திறந்துவிடும்.

17 வயதுப் பையனிடம் "வாய்க்கால் ரோடுதானே, யார் பார்க்கப் போறா" என்று சாவியைக் கொடுப்பது இன்னும் மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

வீட்டு ஆளிடம் கற்பது

இதில் நல்லது நிறைய இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஓட்டப்போகும் அதே வண்டி, அதே தெரு, அதே வளைவு. ஸ்கூலைப் போல நாளுக்கு அரை மணி என்ற கணக்கு இல்லை. பெண்களுக்கு விடியற்காலையில் முன்பின் தெரியாதவரோடு போக வேண்டிய சங்கடம் இல்லை. காசும் மிச்சம்.

சிக்கல் முதல் வாரத்தில் இருக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கைக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். சாதாரணக் கார்களில் அது பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திவிடலாம். 40ல் போகும்போது பிடுங்கினால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிவிடும். சில புது மாடல்களில் கையால் இழுக்கும் லீவரே இல்லை, ஒரு பட்டன்தான் இருக்கிறது. அவசரத்தில் அதைத் தேடிப்பிடிக்க இடப்பக்கம் இருப்பவருக்கு நேரம் போதாது. ஆக, முதல் கட்டத்தில் வீட்டு ஆளின் ஒரே ஆயுதம் அவருடைய குரல். அந்தக் குரலும் பெரும்பாலும் பிந்தித்தான் வருகிறது.

ஆற்றங்கரை ரோட்டில் எதிரே வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஏய் பார்த்து, பார்த்து! பிரேக்கு! எங்க பார்க்கற?" என்கிறார் அப்பா. "கத்தாதீங்கப்பா, எந்தப் பக்கம் ஒதுக்கணும்னு சொல்லுங்க" என்கிறாள் மகள். அப்பா சொன்னதில் என்ன செய்ய வேண்டும் என்பது 'பிரேக்கு' என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அவருடைய பயம். மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. வீட்டில் கற்றுக்கொடுக்க உட்காருகிறவர் கிளம்புவதற்கு முன்னாலேயே சொற்களைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: 'மெதுவா' என்றால் ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்க வேண்டும், 'நிறுத்து' என்றால் பிரேக்கும் கிளட்சும், 'இடது' என்றால் ரோட்டின் இடது ஓரம். டிராக்டர் 200 அடி தூரத்தில் தெரியும்போதே "முன்னாடி மதகுகிட்ட அகலமா இருக்கு, அங்க நிறுத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டால் கத்தவே தேவை வராது. பழகுகிறவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவதும் மிக நல்ல பயிற்சி. "சைக்கிள் தாத்தா போறார், ஆடு நிக்குது, பஸ் ஸ்டாப்புல ஆள் இறங்கறாங்க" என்று சொல்லச் சொல்ல, எது அவர் கண்ணில் படவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

யார் கற்றுக்கொடுப்பது என்று வீட்டுக்குள் போட்டி வந்தால், அதிகம் ஓட்டியவரைவிட அதிகம் கோபப்படாதவரைத் தேர்ந்தெடுங்கள். கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் கற்றுக்கொடுப்பது பல வீடுகளில் பாதியில் நின்றுபோவதைப் பார்க்கிறேன். தம்பியோ, மைத்துனரோ, அண்ணியோ இருந்தால் அவர்களிடம் விடுவது நல்லது. துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணன் வந்த வாரமே வாத்தியார் ஆக வேண்டாம். அங்கே வண்டி ரோட்டின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அவர் கண்ணும் கையும் நம் ரோட்டுக்குத் திரும்பச் சில நாள் ஆகும். சிங்கப்பூர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான்.

டிரைவிங் ஸ்கூல்

இரட்டைப் பெடல் என்ற ஒன்றுக்காகவே முதல் கட்டத்துக்கு ஸ்கூலை நான் முன்னால் வைக்கிறேன். ஆனால் சேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. விதிப்படி சொந்த உபயோக வண்டிக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, காருக்கு ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. நாளுக்கு அரை மணி என்றால் 21 நாளில் பத்தரை மணி, கணக்கு சரியாக வரும். நடைமுறையில் ஒரே வண்டியில் மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஒருவருக்குக் கால் மணி கொடுத்து, மற்ற நேரம் பின் சீட்டில் உட்கார வைக்கிற ஸ்கூல்கள் உண்டு. பின் சீட்டில் இருந்து பார்ப்பதிலும் கொஞ்சம் பாடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதை ஓட்டிய நேரமாகக் கணக்கில் எழுதக் கூடாது. "ஸ்டியரிங் என் கையில ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் இருக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த ஸ்கூலைப் பாருங்கள். கட்டண வித்தியாசத்தைவிட இந்த நிமிடக் கணக்குதான் பெரிது.

இன்னொன்று மாஸ்டரின் கால். இரட்டைப் பெடலின் நன்மையே அதன் கெடுதலும்கூட. வண்டி நிற்காமல் போகட்டும் என்று மாஸ்டர் தன் பக்கத்துக் கிளட்சை மிதித்துக்கொண்டே வருவார். பழகுகிறவர் தன்னால்தான் வண்டி இவ்வளவு சுகமாக நகர்கிறது என்று நினைத்துக்கொள்வார். லைசென்ஸ் வாங்கி வீட்டு வண்டியில் ஏறிய முதல் நாள், தெருமுனை திரும்புவதற்குள் நான்கு தடவை ஆஃப் ஆகிவிடும். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரைமேல் ஏறும் ஒரு சரிவில், பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நீங்க காலைப் பின்னாடி இழுத்துக்குங்க."

"எடுத்தா வண்டி பின்னால உருளும்மா."

"உருளட்டும் மாஸ்டர், பிரேக்குல நான் இருக்கேன். பின்னாடி வண்டி எதுவும் இல்ல, கண்ணாடில பார்த்துட்டேன்."

மாஸ்டர் காலை மடக்கி சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார். வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது, பிரேக்கில் நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, முன்பக்கம் லேசாகத் தூக்கி வண்டி அதிர்கிற இடம் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட்டார். ஏறிவிட்டது. கடைசி ஒரு வாரமாவது மாஸ்டரின் கால் இப்படிப் பெடலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டெல்டா தட்டையான பூமி, மேடு என்று கிடைப்பது ஆற்றுப் பாலத்தின் ஏற்றமும், ரயில்வே மேம்பாலமும், கரைமேல் ஏறும் சரிவும்தான். அந்த இடங்களில்தான் முன்னால் பஸ் நிற்கும், பின்னால் ஷேர் ஆட்டோ முட்டிக்கொண்டு நிற்கும். அரை கிளட்ச் வராமல் லைசென்ஸ் வாங்கி இங்கே பயனில்லை.

அடுத்தது ரிவர்ஸ். தேர்வுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுகிற ஸ்கூல்கள் நிறைய. நம் ஊரில் ரிவர்ஸ் அன்றாட வேலை. கரை ரோட்டில் எதிரே லோடு வண்டி வந்தால் சிறிய வண்டிதான் பின்னால் போய் அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டியிருக்கும். ஐம்பது அறுபது அடி, ஒரு பக்கம் தண்ணீர், கண்ணாடியை மட்டும் நம்பி. இதை மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போதே, காய்ந்த கரையில், பலமுறை செய்து பார்க்க வேண்டும். "எனக்கு ஒரு நாள் முழுக்க ரிவர்ஸ் மட்டும் வேணும்" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை, காசு கொடுத்துத்தான் கற்கிறோம்.

2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் என்ற ஒரு வகையும் இருக்கிறது. காருக்கு 4 வாரத்துக்குள் 29 மணி நேரப் பாடம், சிமுலேட்டர், தனித் தடம் எல்லாம் உண்டு. முடித்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு. உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில் இருந்தால் யோசிக்காமல் அதில் சேரலாம். ஆனால் அங்கே தனித் தடத்தில் பழகியவர், ஊர்த் தெருவில் ஆடு, கோழி, சைக்கிளோடு தனியாகவும் பழக வேண்டியிருக்கும்.

ஆக்டிங் டிரைவர்

முதல் நாள் முதலே ஆக்டிங் டிரைவரை வைத்துக் கற்பது எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டு ஆளைப் போலவே அவர் பக்கத்திலும் பெடல் கிடையாது. ஆனால் இரண்டாம் கட்டத்துக்கு இவரைவிட நல்ல ஆள் அமைவது அரிது. வேளாங்கண்ணி, திருநள்ளாறு, சமயபுரம் என்று வருஷக் கணக்கில் ஓட்டியவர், எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்பதுவரை தெரிந்தவர். சொந்தபந்தம் இல்லாததால் குரல் உயராது. நாள் கூலியோ அரை நாள் கூலியோ பேசி, நீங்கள் ஓட்ட அவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே நிபந்தனை, அவர் லைசென்ஸைக் கையில் வாங்கிச் செல்லுபடியாகும் தேதியைப் பார்த்துவிடுங்கள். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது

யாரிடம் என்பதைவிட எப்போது என்பதில் டெல்டாக்காரர்கள் கொஞ்சமும் யோசிப்பதில்லை. கார் வாங்கிய மறுநாளே தொடங்குகிறார்கள். தை, மாசியில் என்றால் ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது, அறுவடை இயந்திரம் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்கிறது, கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை. குறுவை அறுவடையும் புரட்டாசி, ஐப்பசியில்தான் வரும். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் விடியற்காலை இருட்டில் ரோட்டோரம் கூட்டமாகப் போவார்கள்.

எனக்குத் தெரிந்து நல்ல காலம் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. அறுவடை ஓய்ந்திருக்கும், ரோடு காய்ந்திருக்கும், பொழுது நீளம், காலை 6 மணிக்கே நல்ல வெளிச்சம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ல்தான் திறப்பார்கள் என்பதால் வாய்க்கால்களில் தண்ணீர் இருக்காது. சறுக்கினாலும் உயிருக்கு வரும் ஆபத்து குறைவு. சித்திரையில் எல்.எல்.ஆர். எடுத்தால் ஆடி பிறப்பதற்குள் லைசென்ஸ் வாங்கிவிடலாம், மழை தொடங்குவதற்குள் கை படிந்துவிடும். முதல் மழையை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். மழை பிடித்த அன்று மாஸ்டரையோ ஆக்டிங் டிரைவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இடம் எது என்று கேட்டால், முதல் நாலைந்து நாளுக்கு வீடு எழும்பாத மனைப்பிரிவுகள். வயலைத் தூர்த்து 'நகர்' என்று பெயர்ப்பலகை வைத்து ரோடு மட்டும் போட்டிருக்கும் இடம் இப்போது ஒவ்வொரு ஊர் எல்லையிலும் இருக்கிறது. அதன்பின் ஊர்ச் சாலை, பிறகு கும்பகோணம் கடைத்தெரு மாதிரி நெரிசல், கடைசியாகத்தான் பைபாஸ். பைபாஸ் அகலமாக இருப்பதால் சுலபம் என்று முதலிலேயே போகிறவர்களைப் பார்க்கிறேன். அங்கே வேகம் அதிகம், சென்டர் மீடியன் திறப்பில் எதிர்த்திசையில் டூவீலர் ஏறி வரும். இரண்டுக்கும் புதியவரின் கை பழகியிருக்காது.

எந்த வண்டியில்

"பழைய வண்டில கத்துக்க, கீறினாலும் பரவாயில்ல" என்பது ஊரில் பொதுவாகச் சொல்லும் யோசனை. கீறல் படுவதற்கு ஸ்கூல் வண்டி இருக்கிறது. அனுபவம் குறைந்த முதல் ஆண்டில்தான் நல்ல பாதுகாப்பு உள்ள வண்டி அதிகம் தேவை. இந்தியாவில் புதிய கார்கள் எல்லாவற்றிலும், அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். இரண்டு ஏர்பேக் அதற்கும் பிறகு, 2021 முடிவில்தான் எல்லா மாடலுக்கும் வந்தது. பழைய வண்டிதான் வாங்க முடியும் என்றால் இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கியரா ஆட்டோமேட்டிக்கா என்பதில் எனக்குப் பெரிய வாதம் இல்லை. கார் லைசென்ஸ் இரண்டுக்கும் ஒன்றேதான். வயதானவர்களுக்கும், ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர்களுக்கும் ஆட்டோமேட்டிக் நல்லது, ரயில்வே கேட் திறந்ததும், பாலத்தின் ஏற்றத்திலும் ஆஃப் ஆகிற பயம் போய்விடும். நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இரண்டு பெடல் மட்டும் உள்ள வண்டியில் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் ஒரே வலது கால்தான், குதிகாலைத் தரையில் ஊன்றித் திருப்பப் பழக வேண்டும். இடது கால் எதற்கும் வரக் கூடாது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு

தேர்வில் தேறியவர் மைதானத்தில் வண்டியைத் திருப்பத் தெரிந்தவர், அவ்வளவுதான். டெல்டா ரோட்டில் புதியவரைக் கவிழ்க்கிற சங்கதிகள் வேறு, அவற்றை யாரும் வகுப்பில் சொல்வதில்லை.

முதலாவது ரோட்டோரம். மழை பெய்த பின் நம் களிமண் இளகிக் கிடக்கும். தாருக்கும் மண்ணுக்கும் இடையே சில இடங்களில் அரை அடி இறக்கம். எதிரே பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கும்போது இடப்பக்கச் சக்கரம் இரண்டும் மண்ணில் இறங்கிவிடும். பதறி ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெடுக்கென்று ஒடித்தால், சக்கரம் தார் விளிம்பில் முட்டி, சட்டென்று ஏறி, வண்டி எதிர்ப்பக்கத்துக்கே பாய்ந்துவிடும். அங்கே பஸ் வரும், இல்லையென்றால் மறுபக்க வாய்க்கால். ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை அழுத்தாமல் வேகம் தானாக இறங்க விட வேண்டும். நடக்கும் வேகத்துக்கு வந்தபின் பின்னால் பார்த்துவிட்டு மெதுவாக ஏற்ற வேண்டும். இதை மாஸ்டர் இருக்கும்போது, தண்ணீர் இல்லாத வாய்க்கால் பக்கம், 20 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இரண்டாவது ரோட்டில் காயும் நெல். சக்கரத்துக்கு அடியில் நெல்மணி உருண்டுவிடும், பிரேக் பிடிக்காது. இடப்பக்கச் சக்கரம் நெல்லிலும் வலப்பக்கச் சக்கரம் தாரிலும் இருக்கும்போது அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நெல் தெரியும் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நெல்லின் மேல் போகும்போது பிரேக்கையும் திருப்பத்தையும் தவிர்க்க வேண்டும். காய்ந்த வைக்கோலின் மேல் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், அடியில் சூடான சைலன்சர் குழாய் இருக்கிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் வண்டி 17 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகவே சுமாராக அந்த ஒரு வினாடி ஆகிவிடும். அதன்பின் காய்ந்த தாரில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர், நனைந்த தாரில் 30, 35 வரை போகும். ஐயம்பேட்டை, பாபநாசம் வழியாகப் போகும் பழைய கும்பகோணம் ரோட்டில் பஸ்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும்போது புதியவர் கைவிடுவது இந்த இடைவெளியைத்தான். ஹாரன் அடிக்கிறவருக்கு அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

பத்து வருஷம் டூவீலர் ஓட்டியவர்கள் காருக்கு மாறும்போது கொண்டுவரும் ஒரு பழக்கம், சந்து தெரிந்தால் நுழைவது. அணைக்கரைப் பாலம் மாதிரி குறுகலான இடங்களில் காரின் இடப்பக்கம் எங்கே முடிகிறது என்ற மதிப்பு கண்ணுக்கு வரச் சில மாதம் ஆகும்.

முதல் ஆறு மாதத்துக்கு வீட்டில் பேசி வைத்துக்கொள்ள நான் சொல்வது: இருட்டிய பின் ஊரைத் தாண்டி ஓட்ட வேண்டாம். பின் விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர், ஓரத்தில் நிற்கும் நெல் லாரி, எதிரே கண்ணைப் பறிக்கும் ஹெட்லைட், இவை புதியவருக்குச் சேர்ந்தாற்போல் வரக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போகிற வண்டி நிறைய ஆள் ஏற்ற வேண்டாம், பேச்சும் சிரிப்பும் புதியவரின் கவனத்தைத் தின்றுவிடும். பின் சீட்டு உட்பட எல்லாருக்கும் பெல்ட். பெல்ட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெல்ட் போடாவிட்டாலும் ஓட்டுகிறவருக்கு அதே அபராதம். குழந்தையை முன் சீட்டில் மடியில் வைப்பது நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. ஏர்பேக் விரியும் வேகத்தில் குழந்தை அதற்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே மாட்டும். போனைப் பின் சீட்டுப் பையில் போட்டுவிட்டு ஏறுங்கள்.

வண்டி தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதைக் கரைமேல் ஓட்டுகிற எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வண்டி உடனே மூழ்காது, சிறிது நேரம் மிதக்கும். பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பு, பின்னால் நீ போ. கதவைத் தள்ளிக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது, வெளித் தண்ணீரின் அழுத்தம் அதைத் திறக்க விடாது. ஜன்னல் இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடைக்க வேண்டும், முன் கண்ணாடி ஒட்டுக் கண்ணாடி என்பதால் சுலபத்தில் உடையாது. அதற்கென்றே விற்கும் சிறு சுத்தியல் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் வைத்துப் பயனில்லை.

விபத்து நேர்ந்துவிட்டால் 108. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். அடிபட்டவரைத் தூக்கிப் போகிறவரைச் சாட்சியாக வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் பாதுகாப்பும் தருகிறது. இந்த இரண்டும் தெரியாமல்தான் பலர் தயங்கி நிற்கிறார்கள்.

ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸும் வாங்கி, பயத்தில் வண்டியை ஷெட்டிலேயே வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், பெண்கள்தான் அதிகம். அவர்கள் மறுபடி ஸ்கூலில் 21 நாள் உட்கார வேண்டியதில்லை. இரட்டைப் பெடல் வண்டியில் இரண்டு மூன்று வகுப்பு மட்டும் கேட்டு வாங்கி, மாஸ்டர் காலை எடுத்துவிட்ட நிலையில் கிளட்சும் ரிவர்ஸும் பார்த்துக்கொண்டால் போதும். அதன்பின் ஆக்டிங் டிரைவரைப் பக்கத்தில் வைத்து, தினமும் போக வேண்டிய அதே வழியை, பிள்ளையின் டியூஷன் சென்டரோ மார்க்கெட்டோ எதுவானாலும், காலை நெரிசல் தொடங்குமுன் போய்வர வேண்டும். அவர் வாய் திறக்கத் தேவையில்லாமல் ஒரு வாரம் போய்வந்துவிட்டால், அடுத்த வாரம் அந்த வழிக்கு மட்டும் தனியாகப் போகலாம். புது வழி எதுவானாலும் முதல் தடவை அவரோடு.